ஆணி இல்லாமல் ஓர் இணைப்பு செய்து பாருங்கள்

மாணவர்களே, மரச்சட்டத்தால் வீடு கட்டும் பழைய தச்சுமுறைக்கு அறிமுக வகுப்பு எங்காவது நடந்தால் தயங்காமல் பெயர் கொடுங்கள். "நான் தச்சராகப் போவதில்லையே" என்பீர்கள். நானும் அதற்காகச் சொல்லவில்லை. அறிவியலுக்காகச் சொல்கிறேன்.

அத்தகைய வகுப்பில் முதலில் கற்றுத்தருவது பெரும்பாலும் ஒரே ஓர் இணைப்புதான். தூணில் உளியால் ஒரு துளை. உத்திரத்தின் முனையில் அதற்குள் நுழையும் நாக்கு. கேட்க எளிது. ஆனால் மரம் சும்மா இருக்காது. காயும்போது அது நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில் நூற்றுக்கு 5 பங்கு, சில மரங்களில் அதற்கும் மேல் சுருங்கும். 100 மில்லிமீட்டர் உயர நாக்கு காய்ந்ததும் 95 ஆகிவிடலாம். தூணின் துளை உயரமோ நீளவாக்கில் இருப்பதால் அப்படியே நிற்கும். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி! வீடு ஆடத் தொடங்கும்.

மலாய்க் கிராம வீடுகளைக் கட்டியவர்கள் இதற்குக் கண்ட வழி ஆப்பு. உத்திரத்துக்கும் துளைக்கும் இடையே அடிக்கும் சிறு மரத்துண்டு; உங்கள் பாடநூலில் வரும் சாய்தளம்தான் அது. தளர்ந்தால் இன்னும் ஒரு தட்டு. ஆணிக்கு இந்த வசதி கிடையாது. நம் ஈரக்காற்றில் துருப்பிடிக்கவும் செய்யும். ஆப்பைத் தட்டிக் கழற்றினால் கட்டடத்தையே பிரிக்கலாம். கிளந்தான் கம்போங் லாவுட் பள்ளிவாசல் 1967 வெள்ளத்தில் சேதமடைந்த பிறகு, அதைப் பிரித்தெடுத்து நிலாம் பூரியில் மீண்டும் எழுப்பினார்கள்.

பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் படிக்கிறீர்கள். அழகாக வரைகிறீர்கள், பிறகு அட்டையைச் சூடான பசையால் ஒட்டுகிறீர்கள். என் கருத்தில், அப்படி ஐந்து மாதிரிகள் செய்வதைவிட மரத்தில் ஓர் இணைப்பு செய்வது மேல். பசை பிழையை மூடிவிடும். மரம் மூடாது. ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஆடும், கூடினால் தூண் நார்வாக்கில் பிளக்கும். அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

உளி ஆபத்து என்று பெற்றோர் தயங்குவார்கள். நியாயம்தான். மரத்தைப் பிடிப்பானில் இறுக்கி, இரண்டு கைகளையும் உளியின் கூர்முனைக்குப் பின்னால் வைக்கப் பழக்குவது ஆசிரியரின் முதல் வேலை. (மழுங்கிய உளிதான் அதிக ஆபத்து. கூடுதல் பலம் கொடுக்கவேண்டியிருப்பதால் வழுக்கிவிடும்.) மரத்துக்கும் செங்கால் தேடவேண்டாம், விலை தாங்காது. ரப்பர் மரம் போதும். நம் தாத்தா பாட்டி அதில் பால் மரம் வெட்டினார்கள். வெட்டிச் சாய்த்த அந்த மரத்தின் நார் எப்படி ஓடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இன்னொரு கவலையும் உண்டு. எந்த மரத்துக்கு எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்ற கணக்கு பெரும்பாலும் மூத்த தச்சர்களின் கையில்தான் இருக்கிறது, தாளில் இல்லை. கற்க ஆளில்லாமல் போனால் நாளை அந்த வீடுகளைப் பழுதுபார்க்கவும் ஆளிருக்காது.

வகுப்பு கிடைக்காவிட்டால் பள்ளிப் பட்டறையில் ஆசிரியர் துணையோடு ஓர் இணைப்பு செய்யுங்கள். அதை ஒரு மாதம் குளிர்சாதன அறையில் வைத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள். ஆடினால், ஆப்பில் ஒரு தட்டு.