வண்டிக்காரர் சோறும் எங்கள் வீட்டு அடுப்பும்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சோற்றைப் பற்றி மூன்று நாள் பேச்சு ஓடியது. அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் மனதில் உள்ளதைச் சொல்லாவிட்டால் பிறகு எப்போது சொல்வது? எழுதிவிடுகிறேன்.

மகள் வயிற்றுப் பேரன் பிரான்ஸில் லியோன் நகரத்தில் படிக்கிறான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன் பிரேசிலின் தென்கோடியிலுள்ள பெலோத்தாஸ் ஊர்க்காரன். ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பையன் தன் ஊர்ச் சோறு ஆக்குவானாம். அதன் பெயர் 'அரோஸ் கரெத்தெய்ரோ'. நம் மொழியில் சொன்னால் வண்டிக்காரர் சோறு. விடுமுறைக்கு வந்த பேரன், "அப்புச்சி, இது நம்மூர்ச் சாப்பாடு மாதிரியே இருக்குதுங்க. ஒரு நாளைக்கு நானே ஆக்கிப் போடறேன்" என்றான்.

அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது. பிரேசிலின் தெற்கே ரியோ கிராந்தே தோ சுல் என்றொரு மாநிலம். புல்வெளிச் சீமை. அந்தக் காலத்தில் அங்கே சரக்கெல்லாம் மாட்டு வண்டியில்தான் போகும். வண்டிக்காரர்கள் நாள் கணக்கில் வழியிலேயே கிடப்பார்கள். கெட்டுப்போகாத இரண்டு பொருள்கள்தான் அவர்கள் மூட்டையில் இருக்கும். ஒன்று அரிசி. மற்றொன்று உப்பிட்டு வெயிலில் காயவைத்த மாட்டிறைச்சி. மாலையில் வண்டியை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் கூட்டி, இரும்புச் சட்டியில் இரண்டையும் சேர்த்து ஆக்கிச் சாப்பிடுவார்கள். காய்ந்த அந்த இறைச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷார்க்கி'. நம்மிடம் அதற்குப் பெயர் உப்புக்கண்டம்! பேரன் நம்மூர்ச் சாப்பாடு என்றது சரிதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பு குமாஸ்தா வேலையில் ஒரு நாளும் உதவவில்லை. இப்போது கொஞ்சம் கைகொடுத்தது. ஓகுஸ்த் தெ சேந்த் இலேர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1820, 1821 ஆண்டுகளில் அந்தச் சீமையில் சுற்றி, பயண நூல் எழுதி வைத்திருக்கிறார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில பக்கங்கள் படித்தேன். பெலோத்தாஸில் 1780-இல் ஜோசே பிந்த்தோ மார்த்தின்ஸ் என்பவர் உப்புக்கண்டத் தொழிலைத் தொடங்கினார். பிறகு அது பெரிய தொழிலாக வளர்ந்தது. வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். அவர்கள் உப்பிட்டுக் காயவைத்த கறி, பிரேசிலின் மற்றப் பகுதிகளில் இருந்த அடிமைகளுக்கே உணவாகப் போனது. 1888-இல்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அடிமையும் வண்டிக்காரனும் தின்ற சோற்றை இன்று அந்த மாநிலத்தில் எல்லோரும் எங்கள் சோறு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, இவன் என்ன கறி கேக்கறான்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

பேரன் மெதுவாக, "மாட்டுக்கறி தானுங்க அம்மாயி" என்றான்.

"வேண்டாஞ் சாமி. எங்கப்பன் பட்டிப் பொங்கலுக்கு எருதுங்க முன்னால உழுந்து கும்பிட்ட ஊடு இது. நீ வெளிய எங்க வேணா தின்னுக்கோ, நான் கேக்க மாட்டேன். இந்த அடுப்புல வேண்டாம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எங்கள் இருவருக்கும் பதில் பேச வரவில்லை.

காங்கேயத்துக்காரர்களுக்கு மாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறும் கன்று, கிளுவை வேலி போட்ட கொறங்காடு, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், பழையகோட்டைப் பட்டக்காரர் பண்ணை, சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்ச் சந்தை என்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் மாமனார் வீட்டிலும் கவலை இறைக்க ஒரு ஜோடி எருது இருந்தது. கரண்ட் மோட்டார் வந்தது, கவலை நின்றது. எருதுகளுக்கும் வயதாகிவிட்டது. ஒரு நாள் சந்தைக்குப் பிடித்துப் போனார். வெறுங்கயிற்றோடு திரும்பி வந்து அன்றிரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார் என்று என் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

உழவுக்கும் வண்டிக்கும் ஆகாத கிழட்டு எருதை ஒருவர் விலை கொடுத்து வாங்குகிறார் என்றால் எதற்கு? அது அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். சட்டத்துக்கும் தெரியும். நம் மாநிலத்தின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், பத்து வயது தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்று பெற்று அறுக்கலாம் என்றுதான் சொல்கிறது. விற்ற பணத்தை நாம் மடியில் முடிந்துகொள்வோம். அந்தக் கறியைத் தின்றவனை மட்டும் ஒரு மாதிரி பார்ப்போம். இது என்ன நியாயம்? சந்தையில் பணத்தை எண்ணி வாங்கிய கைக்கும், சட்டியில் கறியைக் கிண்டிய கைக்கும் அதில் சம பங்கு உண்டு என்பது என் கட்சி.

இப்படிப் பேசும் நான் என்ன செய்தேன்? அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதுச்சேரியில் எனக்குப் பத்து வயது இருக்கும்போது, வகுப்புத் தோழன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் 'ரகூ' சாப்பிட்டிருக்கிறேன். மாட்டுக்கறியும் கேரட்டும் போட்டு நிதானமாக வேகவைத்த குழம்பு. ஒரு தடவையல்ல, பல தடவை. பிறகு அப்பா போய், தாய்மாமன் ஊரான இந்தப் பக்கம் வந்து, தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன். 1980-களின் தொடக்கத்தில் நான் இருந்த ஓர் அலுவலகத்தில் என் மேசைக்கு அடுத்த மேசையில் ஒரு நண்பர். நல்ல கையெழுத்து. கோப்புகளில் ஒரு பிழை இருக்காது. ஒரு நாள் அவர் தூக்குப்போசியில் மாட்டுக்கறி இருந்தது தெரிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. சண்டையும் இல்லை. மறுநாள் மதியம் எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்கடுத்த நாளிலிருந்து அவர் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வெளியே வேப்ப மரத்தடிக்குப் போனார். அவர் மாற்றலாகிப் போகும்வரை அந்த மரத்தடிதான்.

"நானும் சாப்பிட்டிருக்கிறேன், இங்கேயே உட்காருங்கள்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊருக்குப் புதிது, பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பேச்சு வெளியே போய்விடும் என்ற பயம். என் நாற்காலியும் அன்று நகர்ந்தது.

வீட்டில் சோற்றுப் பேச்சு நடந்த இரண்டாம் நாள் அவருக்குப் போன் செய்தேன். இப்போது தாராபுரம் பக்கம் இருக்கிறார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். சிரித்து ஆற்றிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதை அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா நான் மரத்தடிக்குப் போயிருக்க மாட்டேனுங்களே" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை. பிறகு அவரே, "பேரனைக் கூட்டிட்டு வாங்க. ஊட்ல உப்புக்கண்டம் இருக்குது" என்றார்.

மூன்றாம் நாள் போனோம். அவர் வீட்டு அடுப்பில் பேரன் ஆக்கினான். முறையைச் சொல்கிறேன், ஒன்றும் கஷ்டமில்லை. கால் கிலோ உப்புக்கண்டத்தை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உப்பு வாயில் வைக்க முடியாது. காலையில் மெத்தென்று வேகவைத்துப் பிய்த்துக்கொள்ள வேண்டும். பிரேசிலில் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்களாம். நாங்கள் காங்கேயம் தேங்காய் எண்ணெய் ஊற்றினோம். பூண்டும் வெங்காயமும் வதங்கியதும் கறியைப் போட்டுச் சிவக்க வறுத்து, கழுவிய பச்சரிசி இரண்டு டம்ளர் சேர்த்துக் கிளறி, ஐந்து டம்ளர் வெந்நீர் விட்டு மூடி, தணலைக் குறைக்க வேண்டும். தனியாக உப்பு வேண்டாம். மேலே வெங்காயத்தாள் நறுக்கித் தூவினால் தீர்ந்தது. மசாலா கிடையாது, மிளகாய் கிடையாது. நண்பர் மனைவி மட்டும் மனசு கேட்காமல் நாலு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நண்பரும் நானும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வீட்டில் மறுவாரம் அதே சோற்றை ஆட்டு உப்புக்கண்டத்தில் ஆக்கினோம். என் மனைவி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தாராபுரத்தில் என்ன சாப்பிட்டோம் என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை. "எனக்குத் தெரியுமுங்க" என்றாள், அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான். வீட்டு அடுப்பு எனக்கு மட்டும் சொந்தமில்லை, அவளுக்கும் சொந்தம். தன் அப்பன் கும்பிட்ட எருதை நினைத்து அவள் வேண்டாம் என்றால் அதை மதிப்பதுதான் முறை. ஆனால் அடுத்தவன் சட்டியை எட்டிப் பார்க்கவும், அவன் பக்கத்தில் இருக்கும் நாற்காலியை நகர்த்தவும் எனக்கோ ஊருக்கோ உரிமை இல்லை. என் வீட்டில் இது வேண்டாம் என்பது ஒருவருடைய பக்தி. உன் வீட்டிலும் கூடாது என்றால் அது அதிகாரம். இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களில் பலர் அலுவலகங்களில் இருந்தவர்கள். உங்கள் மேசைக்கு அருகிலும் தூக்குப்போசியோடு மரத்தடிக்குப் போன ஒருவர் இருந்திருக்கலாம். அவர் இன்னும் இருக்கிறார் என்றால் ஒரு போன் செய்துவிடுங்கள். நான் நாற்பது வருஷம் தாமதமாகச் செய்தேன். அவரும் இருந்தார், நானும் இருந்தேன். அது என் அதிர்ஷ்டம்.