பாறையில் இருக்கும் தமிழ்

அலவத்துகொடப் பகுதித் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் சுற்றுலா புறப்படும் நம்மவர்கள் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, பின்னவலை யானைகள் என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கொழும்பு வீதியில் பிலிமத்தலாவையில் திரும்பி உடுநுவரப் பக்கம் சில கிலோமீற்றர் போனால் லங்காதிலக விகாரை இருக்கிறது. நமது இளைஞர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் அதையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது நமது கருத்து.

கம்பளை இராசதானியை நான்காம் புவனேகபாகு ஆண்ட காலத்தில், 1344ஆம் ஆண்டில், அமைச்சர் சேனா லங்காதிகார இதனைக் கட்டுவித்தார். வயல்களுக்கு மேலே, பன்ஹல்கல என்னும் பாறையின் மீது தடித்த செங்கற்சுவர்களோடு நிற்கும் இந்த விகாரை, தூரத்தில் பார்ப்பவருக்குக் கோட்டையாகவே தோன்றும். கட்டிய ஸ்தபதி ராயர் தென்னிந்தியர். கிழக்கு வாசலில் புத்தர். மேற்குப் புறத்தில் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் ஆகியோருக்குத் தேவாலயம். இரண்டு வழிபாடுகளுக்கும் ஒரே கட்டடம். அருகிலுள்ள கடலாதெனிய விகாரையும் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியரின் கைவேலையே.

ஆனால் நாம் முக்கியமாக நின்று பார்க்க வேண்டியது, பாறையில் வெட்டப்பட்டுள்ள சாசனத்தை. விகாரைக்கு அளித்த நிலக்கொடைகள் அதில் சிங்களத்திலும் எழுதப்பட்டுள்ளன, தமிழிலும் எழுதப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் கம்பளை அரசும் மோதிக்கொண்ட நூற்றாண்டு அது. அப்படியிருந்தும், ஒரு பௌத்த விகாரையின் சொத்து விவரத்தைத் தமிழில் வெட்டுவது அன்று யாருக்கும் அவமானமாகத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. விகாரை நிலத்தில் உழுதவர்கள் சாதிமுறைப்படி ஊழியம் செய்யக் கட்டுப்பட்டிருந்தார்கள். நாம் சொல்ல வருவது இதுதான்: நிலத்தையும் உரிமையையும் பற்றிய எழுத்து, சம்பந்தப்பட்டவர் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும் என்பது இந்த மலைநாட்டுக்குப் புதிய சங்கதியல்ல.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்று சட்டம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் நிறைவேறியது. சட்டம் இருக்கிறது. ஆனாலும் பொலிசில் முறைப்பாடு கொடுக்கும் தோட்டத்துப் பெண், தான் சொன்னதைத்தான் எழுதினார்களா என்று தெரியாமலேயே கையெழுத்து வைக்கிறாள். காணி, கடன், வைத்தியம் பற்றி வரும் கடிதத்தை வாசிக்க அயலாரைத் தேடி ஓடுகிறோம். வாசிக்கத் தெரியாத தாளில் வைத்த கையெழுத்தால் காணியும் போகலாம், நீதியும் போகலாம்.

என்ன செய்யலாம்? பங்குதோறும் வாரத்தில் ஒரு நாள், இரு மொழியும் தெரிந்த இளைஞர் இருவர் படிவங்களையும் கடிதங்களையும் வாசித்து விளக்கலாம். தமிழில் பதில் வேண்டும் என்று பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். பதில் வராவிட்டால் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். நமது பிள்ளைகள் சிங்களத்தை நன்றாகக் கற்க வேண்டும். நமது கூட்ட அறிவித்தல்களும் இரு மொழியிலும் இருக்க வேண்டும். பெந்தெகொஸ்து நாளில் பல நாட்டாரும் ஒரே மொழிக்கு மாறிவிடவில்லை. அவரவர் தம் தாய்மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர்.

லங்காதிலகவுக்குப் போகும்போது அயல் கிராமத்துச் சிங்கள இளைஞரையும் அழைத்துச் செல்வோம். அவர்கள் சிங்களச் சாசனத்தைப் பற்றி நமக்குச் சொல்லட்டும். தமிழ்ச் சாசனத்தைப் பற்றி நாம் அவர்களுக்குச் சொல்வோம். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் மனுவில் அவர்களும் நம்மோடு கையெழுத்திட்டால், அந்தப் பயணத்துக்குச் செலவான பஸ் கூலி வீண்போகாது.