உப்பளத்தில் ஒரு நட்சத்திர ஆட்டம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. தன் முதல் நட்சத்திர ஆட்டத்தை 1951-இல் பாஸ்டனில் நடத்தியது. கல்லூரிக் கூடைப்பந்துச் சூதாட்ட ஊழலால் மனம் கசந்த ரசிகர்களைத் திரும்ப இழுக்கும் முயற்சி அது. அப்போது டி-லீக் எனப்பட்ட என்.பி.ஏ.வின் கிளை லீக் வீரர்களுக்கு அந்த மேடை 2007-இல்தான், லாஸ் வேகாஸில் கிடைத்தது. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிது. பெரிய அணிகளின் தேர்வாளர்கள் கூடியிருக்கும் வார இறுதியில், சொற்பச் சம்பளத்துக்கு ஆடும் ஒருவர் பத்து நிமிடம் ஓடிக் காட்டினாலும் போதும், வாழ்க்கை திசை மாறலாம். நம் பிள்ளைகளோ ரயில்வே, வங்கி வேலையை நம்பித்தான் பந்தைத் தொடுகிறார்கள். சென்னை ஸ்லாம் அணி ஆடிய யு.பி.ஏ. என்ற இந்தியக் கூடைப்பந்து லீகும் 2017-உடன் நின்றுபோனது. அதே ஆண்டு தேசியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப்பை நடத்திய ஊர் புதுச்சேரி. அங்குள்ள உப்பளம் உள்விளையாட்டரங்கில் தென்மாநில இளம் வீரர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு நட்சத்திர ஆட்டத்தை அரசு நடத்த வேண்டும். முன்வரிசை நாற்காலிகளைத் தேர்வாளர்களுக்கு ஒதுக்குங்கள்.