ஒரு ஈத்து ஈனட்டுமாம்!

கிளியூர்ல நம்ம சொந்தக்காரங்க யார் வீட்டுக்குப் போனாலும் ஒரே வசனம்: "தம்பி, பூனை முதல்ல ஒரு ஈத்து ஈனட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்." சரி, ஏற்காட்டு மலைக்காரங்கதான் இப்படின்னு பார்த்தா, என் ஆபீஸ்ல மெத்தப் படிச்ச மகராசனுங்களும் இதையேதான் சொல்றாங்க.

மக்களே, இது மாட்டுக் கணக்கு. மாட்டுக்கு ஒன்பது மாசத்துக்கு மேல சினை, பெரும்பாலும் ஒரு கன்னு. பூனைக்கு ஒன்பதே வாரம், சுமாரா 63 முதல் 65 நாள். பெட்டைக்கு நாலஞ்சு மாசத்துலேயே பருவம் வந்துடலாம். அதாவது ஏழு மாசத்துல நம்ம 'குட்டி' அம்மா ஆகி நிக்கும். நாலு குட்டி சர்வசாதாரணம். அதுங்களுக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். நீங்க சொல்ற 'ஒரு ஈத்து' முடியறதுக்குள்ள ரெண்டாவது ஆரம்பிச்சிருக்கும் சாமி!

"இன்னும் சீசன் வரலியே"ன்னு சில பேர். இது வெள்ளைக்காரன் காலண்டர். பூனைக்குப் பருவத்தைக் கிளப்புறது பகல் வெளிச்சம். லண்டன்ல டிசம்பர்ல பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, அதனால அங்க பூனைக்கு லீவு. ஏற்காட்டுல அதே டிசம்பர்ல பதினோரு மணி நேரத்துக்கு மேல பகல், போதாக்குறைக்கு வீட்டுல டியூப்லைட். இங்க ஏதுங்க சீசன்? வருஷம் பூரா சீசன்தான்.

"ஒரு தடவை ஈன்றா உடம்புக்கு நல்லது"ங்கறதும் புருடா. 2005ல வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு, ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணின பூனைக்கு மார்புப் புற்றுநோய் ஆபத்து 91 சதவீதம் குறைவுன்னு சொல்லுது. குட்டி போட்டதால எந்தப் பாதுகாப்பும் இல்லைன்னும் அதே ஆய்வுதான் சொல்லுது.

குட்டியை ஏழு வீடு மாத்தும்பாங்க. எட்டாவதா மாத்துறது நாமதான், சாக்குல கட்டி. மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு இருக்கே, ஏதாவது ஒண்ணுல இறக்கி விட்டுட்டு "பொழைச்சுக்கும்"னு வந்துடறது. கண்ணு திறக்காத குட்டி எதைப் பிடிச்சுப் பொழைக்கும்? சீக்கிரம் பண்ற ஆபரேஷனைப் பாவம்னு சொல்ற அதே வாய்தான் இதையும் சொல்லுது.

"சேலத்துக்கு இறங்கணுமே, செலவாகுமே"ன்னா அது நியாயமான பேச்சு. சாக்கு இல்லை. நாலு வீட்டுப் பூனையை ஒரே வண்டியில ஏத்துங்க, வாடகையைப் பங்கு போடுங்க. பெட்டைக்கு நாலு மாசம் ஆனதுமே டாக்டர்கிட்ட தேதி கேளுங்க. ஏற்கெனவே ஈன்றிருந்தா, குட்டிங்க பால் மறக்கற வரைக்கும் ஒரு எட்டு வாரம் தாயை வெளியே விடாதீங்க, பால் மறந்ததும் கூட்டிட்டுப் போங்க.

பி.கு: இப்பவே சினையா இருந்தா, ஒண்ணு ரெண்டு குட்டி போட்டுட்டு சில மணி நேரம் நிம்மதியாப் படுத்திருந்தா பதறாதீங்க, பூனைக்கு அது உண்டு. ஆனா அரை மணி நேரமா முக்கியும் குட்டி வரலைன்னா, ராத்திரின்னு பார்க்காம டாக்டருக்குப் போன் போடுங்க.