சோதனைக் குழாய் தொடாத ரசாயனர்

சென்ற மாதம் நமது சங்கத்து நூலகத்தில் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நீண்ட நாள் பழக்கமுள்ள அன்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். முகத்தில் கவலை தெரிந்தது. "என் மகள் ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், சார். போன வாரம் அவள் படிக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். குடுவை இல்லை, அடுப்பு இல்லை, ஒரு நெடி கூட இல்லை. கணிப்பொறியின் முன்னால் உட்கார்ந்து வளைகோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், உலோகத்தின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன என்று கணக்கிடுகிறேன் அப்பா என்கிறாள். இதுவும் ரசாயனம்தானா? இதற்குச் சோறு போடுவார்களா?"

கேள்விகள் இரண்டு. இரண்டாவதற்கு விடை கூறும் தகுதி நமக்கு இல்லை. முதலாவதற்கு அன்று அரைகுறையாகச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

உலோகத்தின் மேற்பரப்பு அலட்சியமாகத் தள்ளத்தக்க பொருளன்று. வயலுக்கு இடும் யூரியாவுக்கு மூலமான அம்மோனியா, காற்றிலுள்ள நைட்ரஜன் இரும்பின் மேற்பரப்பில் ஹைட்ரஜனுடன் கூடுவதால் உண்டாகிறது. மோட்டார் வண்டியின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு, பிளாட்டினம் போன்ற உலோகத்தின் மேற்பரப்பில் ஆக்ஸிஜனைப் பெற்றுக் கரியமில வாயுவாகிறது. 1920களில் ஜெர்மனியில் ஃபிஷர், டிராப்ஷ் என்னும் இருவர் அதே நச்சு வாயுவையும் ஹைட்ரஜனையும் உலோகத்தின் மீது செலுத்தி எரியெண்ணெய் செய்தனர். இவை யாவும் நிகழ்வது உலோகத்தின் ஆகக் கடைசி அணு அடுக்கில்தான்.

அந்த அடுக்கை ஆராய்வது எளிதன்று. காற்றழுத்தத்தை நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைத்த பின்பும், எஞ்சிய வாயு ஏறக்குறைய ஒரு நொடியில் சுத்தமான உலோகத்தைப் போர்த்திவிடக்கூடும். ஆகவே அதனினும் பல்லாயிரம் மடங்கு வெறுமையான கலத்துக்குள் உலோகத்தை வைத்து, அதன்மேல் புறஊதா ஒளியையோ எக்ஸ் கதிரையோ வீழ்த்துகிறார்கள். ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் வெளியே பாய்கின்றன. பாய்ந்த எலெக்ட்ரானின் ஆற்றலை அளந்து, ஒளியின் ஆற்றலிலிருந்து கழித்தால், அது உள்ளே எவ்வளவு இறுக்கமாகக் கட்டுண்டிருந்தது என்பது தெரிந்துவிடும். ஐன்ஸ்டீன் 1905இல் தந்த விளக்கமே இதற்கு அடிப்படை. ஆழத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் வழியிலேயே ஆற்றலை இழந்துவிடுகின்றன. சில அடுக்குகளுக்குள் இருந்தவையே முழு ஆற்றலுடன் தப்பி வருகின்றன. எனவே அவை கொண்டுவருவது மேற்பரப்பின் செய்தியே. அளவுகளை வரைபடமாக்கினால் மலைத்தொடர் போலச் சிகரங்கள் எழும். அதுவே எலெக்ட்ரான் நிறமாலை.

இனிதான் சிக்கல். கார்பன் மோனாக்ஸைடைத் தனி வாயுவாக வைத்து ஆராய்ந்தால், அதன் வெளி எலெக்ட்ரான்கள் சுமார் 14, 17, 20 எலெக்ட்ரான் வோல்ட் அளவுகளில் மூன்று சிகரங்களைத் தருகின்றன. அதே வாயுவை நிக்கலின்மேல் படியவிட்டுப் பார்த்தபோது தெரிந்தவை இரண்டே. 1970களின் தொடக்கத்தில் பரிசோதனை செய்தவர்கள், இவை மூன்றில் முதல் இரண்டு என்று பொருள் கொண்டனர். பிறரும் ஒப்பினர். சில ஆண்டுகளுக்குப் பின் அது தவறெனத் தெரிந்தது. கார்பன் முனையில் இருக்கும் முதல் வகை எலெக்ட்ரான்களே உலோகத்தைப் பற்றிக்கொள்பவை. பற்றியதால் அவை முன்னிலும் இறுகிக் கீழிறங்கி, இரண்டாவது சிகரத்தோடு கலந்து மறைந்துவிட்டன. ஒருவர் பின் ஒருவராக இருவர் நடந்து வருகையில் தூரத்திலிருந்து பார்ப்பவன் ஒருவர் என்று எண்ணுவதில்லையா, அதுபோல. முதலாவதெனக் கருதியது உண்மையில் முதலும் இரண்டும் சேர்ந்தது. இரண்டாவதெனக் கருதியது மூன்றாவது. இதைத் தெளிவித்தவை, உலோகமும் இவ்வாயுவும் சேர்ந்த கார்பனைல் சேர்மங்களோடு செய்த ஒப்பீடும், எழுதுகோலும் கணிப்பொறியும் கொண்டு செய்த கணக்குமே ஆகும். கருவி சிகரத்தைக் காட்டும். அதன் பெயரைக் கூறாது.

அந்தப் பெண் செய்யும் வேலை இவ்வினத்தைச் சேர்ந்ததே. இத்துறையில் வாழ்நாளைச் செலவிட்டவருள் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அன்பருக்கு ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது.

ரோல்ட் ஹாஃப்மன் 1937இல், அன்று போலந்தைச் சேர்ந்ததும் இன்று உக்ரேனில் உள்ளதுமான ஸ்லோச்சுவ் என்னும் ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். துருவப் பயணி ரோல்ட் அமுண்ட்சனின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். நாஜிகள் வந்தபின் குடும்பம் தொழில்முகாமில் அடைபட்டது. 1943இன் தொடக்கத்தில் தாயும் பிள்ளையும் அங்கிருந்து ரகசியமாக வெளியேறினர். உக்ரேனியர் ஒருவர் கிராமப் பள்ளிக்கூடத்தின் பரணில் அவர்களை ஒளித்து வைத்தார். தந்தை முகாமிலேயே நின்று, தப்பும் ஏற்பாடுகளில் ஈடுபட்டு, அதே ஆண்டில் கொல்லப்பட்டார். ஐந்து வயதுப் பிள்ளையைச் சத்தமின்றி வைத்திருக்க வேண்டுமே! பரணில் கிடந்த பழைய பாடநூல்களைக் கொண்டு தாய் படிப்பும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தாள். 1944 ஜூனில் செஞ்சேனை வந்த பிறகே அவர்கள் வெளியுலகைக் கண்டனர்.

பின்னர் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா, ஜெர்மனி என்று அகதி முகாம்களில் அலைந்து, 1949இல் நியூயார்க் வந்து சேர்ந்தனர். ஆங்கிலம் அச்சிறுவனுக்கு ஆறாவது மொழி. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று எனப் பிள்ளைகள் மும்மொழி பேசுவதைக் குறித்து நம் இல்லங்களில் எழும் விசாரத்தை இங்கே நினைத்துக்கொண்டோம்.

கொலம்பியாவில் பட்டம் பெற்று ஹார்வர்டில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர், 1959 கோடையில் ஸ்வீடனின் உப்ஸாலாவில் லெவ்டின் நடத்திய வகுப்பில் குவாண்டம் ரசாயனம் கற்றார். தம் வருங்கால மனைவியையும் அங்கேதான் சந்தித்தார். அதே பல்கலைக்கழகத்தில் அப்போது கை சீக்பான் என்பவர், மேலே நாம் விவரித்த எலெக்ட்ரான் நிறமாலைக் கருவியைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். 1981ஆம் ஆண்டில் ரசாயன நோபெல் பரிசு ஹாஃப்மனுக்கும் ஜப்பானியரான ஃபுக்குய்க்கும் கிடைத்தது. பௌதிகப் பரிசில் ஒரு பாதி சீக்பானுக்குக் கிடைத்தது. கணக்கும் கருவியும் ஒரே ஆண்டில் மேடையேறின.

ஹாஃப்மன் பரிசு பெற்றது, ரசாயன மாறுதல்கள் எவ்வழியில் நடக்கும், எவ்வழியில் நடவா என்று உட்வர்டுடன் சேர்ந்து 1965இல் வகுத்த விதிகளுக்காக. உட்வர்டு 1979இல் காலமானதால் அதில் பங்கு பெறவில்லை. மேற்பரப்புகளைப் பற்றிய ஹாஃப்மனின் ஆராய்ச்சி பெரும்பாலும் இதற்குப் பிற்பட்டது. நமக்கு அதுவே அதிக ருசியாக இருக்கிறது.

திடப்பொருளை நோக்கும் பௌதிகர், எல்லையற்ற அணு வரிசையையும் அதில் எவ்வணுவுக்கும் தனி உரிமையாகாமல் பரவிக் கிடக்கும் எலெக்ட்ரான் பட்டைகளையும் காண்கிறார். ரசாயனரோ, இந்த அணுவுக்கும் அந்த அணுவுக்கும் இடையே பிணைப்பு உண்டா, வலுவானதா என்று கேட்கிறார். ஒருவர் பேச்சு மற்றவருக்கு எளிதில் விளங்குவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹாஃப்மன், ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்கும் பணியை மேற்கொண்டார். பட்டையின் எந்தப் பகுதியிலுள்ள எலெக்ட்ரான்கள் குறித்த இரண்டு அணுக்களின் பிணைப்பை வலுப்படுத்துகின்றன, எந்தப் பகுதி தளர்த்துகிறது என்று காட்டும் வளைகோடு ஒன்றை 1983இல் தம் சகாவுடன் வெளியிட்டார். அன்பர் தம் மகளின் திரையில் கண்டதும் இத்தகையதே என்று ஊகிக்கிறோம். இரு சாராருக்கும் பொதுவான இந்தப் பேச்சை 1988இல் 'திடப்பொருள்களும் மேற்பரப்புகளும்' என்று பொருள்படும் சிறு நூலாக எழுதினார்.

நம் நச்சு வாயு இங்கே மீண்டும் வருகிறது. கார்பன் முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் உலோகத்துக்குச் சிறிது நகர்கின்றன. உலோகம் பதிலுக்கு, வாயுவில் காலியாக இருக்கும் ஓரிடத்தில் தன் எலெக்ட்ரான்களை இடுகிறது. அந்தக் காலியிடம் பொல்லாத இடம். அது நிரம்ப நிரம்பக் கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் இடையேயுள்ள பிணைப்பு தளரும். 1985இல் ஹாஃப்மனும் ஒரு சகாவும் நிக்கல், கோபால்ட், இரும்பு, குரோமியம், டைட்டேனியம் என்று தனிம அட்டவணையில் வலமிருந்து இடமாகக் கணக்கிட்டுச் சென்றனர். இடப்புறம் செல்லச் செல்ல உலோகம் அதிகமாகக் கொடுக்கிறது, பிணைப்பு மெலிகிறது. நிக்கலின்மேல் சாதாரண வெப்பநிலையில் முழுதாக நிற்கும் வாயு டைட்டேனியத்தின்மேல் இரண்டாகப் பிளந்துவிடும் என்ற அனுபவத்துக்குக் காரணம் இதில் தெளிவாகிறது. எண்ணெய் செய்ய எந்த உலோகத்தைத் தேடுவது என்பவனுக்கு இது சிறிய செய்தியா?

குறையையும் மறைக்கலாகாது. ஹாஃப்மன் கையாண்ட முறை கரடுமுரடானது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதை அது தனியே கணக்கில் கொள்வதில்லை. அணுக்களின் தூரமும் பிணைப்பின் ஆற்றலும் அதில் சரியாக வாரா. அதை அவரே ஒப்புக்கொண்டவர். நுட்பமான எண் வேண்டுவோர் வால்டர் கோன் 1964, 1965இல் அமைத்த அடர்த்தி முறைக்கு மாறினர். அதற்காக அவர் 1998இல் ரசாயன நோபெல் பெற்றார். (கோனும் வியன்னாவிலிருந்து 1939இல் தப்பிய பிள்ளையே, அவருடைய பெற்றோர் தப்பவில்லை.) இப்போது பெரும்பாலும் இம்முறையே கையாளப்படுகிறது. எனினும், நுட்பமான எண்ணைப் பெற்றவர்களும் 'ஏன்' என்று கேட்கும்போது ஹாஃப்மன் வரைந்த எளிய படங்களிடம் திரும்பி வருவதைக் காண்கிறோம். ஆறு இலக்கம் சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் தெரியாமல் விழிப்பதைவிட, கரடுமுரடான கணக்கால் காரணத்தைப் பற்றுவது மேல் என்பது நம் கட்சி. அன்பருடைய மகள் இதை மறுக்கக்கூடும். மறுக்கட்டும்.

இவ்வளவையும் கேட்ட அன்பர் சோற்றைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அந்தப் பரண்? அவர் திரும்பிப் போய்ப் பார்த்தாரா?" என்றார்.

பார்த்தார். 2006இல் தம் மகனை அழைத்துக்கொண்டு சென்றார். பரண் அப்படியே இருந்தது. அங்கிருந்த சரக்கறையைப் பள்ளிக்கூடத்தார் ஒரு வகுப்பறையோடு சேர்த்துவிட்டிருந்தனர். அது ரசாயன வகுப்பு.