வென்றவர் விட்டுச் சென்ற சொற்கள்

வாளைக் காட்டிலும் எழுத்தாணிக்கே ஆயுள் அதிகம். கி.பி. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய லிண்டிஸ்பார்ன் தீவின் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடினர். அக்காலத்தில் அந்நாட்டில் எழுத்து பெரும்பாலும் துறவியர் கையில் இருந்தது. எனவே வைக்கிங் என்றாலே கொள்ளையர் என்னும் சித்திரம் நிலைத்துவிட்டது. மதுரையில் நடந்தது நேர்மாறு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரைச் சுல்தானகத்தை வென்றதை, அவருடைய மனைவி கங்காதேவியே 'மதுராவிஜயம்' என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினார். அங்கே பறிகொடுத்தவர் எழுதினர். இங்கே வென்றவர் வீட்டார் எழுதினர். இரண்டில் எதையும் அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது என்பதே நம் கருத்து.

வந்தவர்கள் தங்கியபின் என்ன நடந்தது என்பதையே நாம் கேட்க வேண்டும். 865இல் பெரும்படையாக வந்திறங்கிய டேனியர் சில ஆண்டுகளில் நிலங்களைப் பங்கிட்டு உழத் தொடங்கினர். 1016இல் அவர்களுள் ஒருவரான கனூட் இங்கிலாந்து முழுமைக்கும் அரசரானார். மதுரையில் 1529ஆம் ஆண்டளவில் விசுவநாத நாயக்கரிடம் தொடங்கிய ஆட்சி, நாட்டை 72 பாளையங்களாக வகுத்து, 1736 வரை நீடித்தது.

இரண்டிடத்தும் வென்றவர் தோற்றவரின் தெய்வத்தை வணங்கினர். 1012இல் டேனியப் படையினர் கேன்டர்பரி பேராயர் ஆல்பெஜைக் கொன்றனர். அவருடைய திருவுடலை 1023இல் லண்டனிலிருந்து கேன்டர்பரிக்கு உரிய சிறப்புடன் கொண்டுசெல்லச் செய்தவர் டேனிய அரசர் கனூட். மதுரையிலோ, மாசியில் நடந்த மீனாட்சி திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது வழிவழிச் செய்தி. கொட்டாம்பட்டியிலிருந்து சித்திரைத் திருவிழாவுக்கு வண்டியேறுகிற எவரும் இன்று அதை அயலார் செய்த ஏற்பாடாகக் கருதுவதில்லை.

மொழியில் இக்கலப்பு இன்னும் ஆழமானது. சட்டத்தைக் குறிக்கும் 'லா', வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை', முட்டையைக் குறிக்கும் 'எக்' ஆகியவை ஆங்கிலத்துக்கு வடவர் மொழி ஈந்தவை. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி ஆகிய பெயர்களின் ஈற்றிலுள்ள 'பி' ஊரைக் குறிக்கும் டேனியச் சொல். தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தவையாகச் சுட்டப்படும் சொற்களோ எச்சரிக்கை, பண்டிகை, வேடிக்கை, சொந்தம் என நீள்கின்றன. கொட்டாம்பட்டி வழியே செல்லும் திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் 'எச்சரிக்கை'ப் பலகையைக் கண்டு வேகத்தைக் குறைப்பவர், அச்சொல்லின் பூர்வீகத்தை விசாரித்துக் கொண்டிருப்பதில்லை.

ஆனால் மனிதரின் பூர்வீகத்தை விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் குடும்பங்களை, பல தலைமுறைகளுக்குப் பின்னும் 'வந்தேறிகள்' என மேடையில் ஏசுவோர் உளர். இத்தகைய பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கும் இங்கிலாந்தே சான்று. 1002இல் நாட்டிலிருந்த டேனியரையெல்லாம் கொல்லுமாறு எதெல்ரெட் மன்னர் ஆணையிட்டார். ஆக்ஸ்போர்டில் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தோரும் தப்பவில்லை, தேவாலயமே எரியூட்டப்பட்டது. 1004இல் அம்மன்னர் வழங்கிய பட்டயம், அவர்களைக் கோதுமையிடையே முளைத்த களைக்கு ஒப்பிட்டது. களையெடுப்பினால் அரியணை காப்பாற்றப்பட்டதா? பதினான்கே ஆண்டுகளில் அதில் கனூட் அமர்ந்தார்.

இவ்வாறு சொல்வதால் படையெடுப்புகளைப் பூசி மெழுகுகிறோம் என்று கொள்ள வேண்டா. கொள்ளையும் வரிக்கொடுமையும் போரும் நிகழ்ந்தவையே. அவற்றை உள்ளவாறே எழுதத்தான் வேண்டும். நம் வகுப்பறைகளிலோ நாயக்கர் காலத்தைப் 'பள்ளு, குறவஞ்சி தழைத்த காலம்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். ஆட்சியையும் குடியேற்றத்தையும் மொழிக்கலப்பையும் சேர்த்துக் கற்பிக்காதவரை, அந்த வெற்றிடத்தை மேடைப் பேச்சாளர்களே நிரப்புவர். அரசர் செய்த போருக்கு இன்று அடுத்த வீட்டில் வாழ்பவரிடம் கணக்குக் கேட்பது வரலாற்றறிவாகாது.

அயலாரைச் சுட்ட ஆங்கிலேயர் வழங்கும் 'தே' என்னும் 'அவர்கள்' கூட அந்த அயலார் கொடுத்த சொல்லே. நாம் உரிமையோடு சொல்லும் 'சொந்தம்' தெலுங்கு வழி வந்தது. யார் சொந்தம், யார் அயல் என்று தீர்ப்பெழுத முனைவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.