சிக்கனம் யாருக்கு?

மளிகைச் சாமான்களின் விலை ஏறிவிட்டதென்று நாம் எழுதித்தான் வாசகர்கள் அறிய வேண்டுமென்பதில்லை. தர்மபுரிக் கடைத்தெருவுக்குப் பையுடன் சென்று திரும்பும் எவரும் அதை அறிவர். விலை ஏறும்போதெல்லாம் பெரிய மனிதர்கள் சிலர் ஏழைகளுக்குச் சிக்கனத்தை உபதேசிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த உபதேசத்தில் நமக்குச் சிறிதும் மதிப்பில்லை. ஏழை ஏற்கெனவே சிக்கனமாகத்தான் உண்கிறான். அவன் நஷ்டப்படுவது வாங்கும் முறையில். அதுவும் அவன் குற்றமன்று.

அன்றாடக் கூலி பெறுபவன் அன்றன்றே சாமான் வாங்குகிறான். கிலோ 160 ரூபாய்க்கு விற்கும் பருப்பு, 100 கிராம் பொட்டலமாகும்போது 18 ரூபாயாகிறதென்று வைத்துக்கொள்வோம். வக்கீலும் உத்தியோகஸ்தரும் 160 ரூபாய் கொடுக்கும் சரக்குக்குக் கூலிக்காரன் 180 ரூபாய் கொடுக்கிறான்! அப்பொட்டலம் கடன் கணக்கில் ஏறுமாயின், விலையைப் பற்றியோ எடையைப் பற்றியோ வாய் திறக்கவும் அவனால் இயலாது. எடையளவுச் சட்டம் அவன் பக்கம்தான் இருக்கிறது. ஆயினும், நீதிமன்றத்தில் பழகியவர் என்ற முறையில் சொல்கிறோம், கடைக்காரரிடம் பாக்கி வைத்திருப்பவன் சட்டம் பேசி நாம் கண்டதில்லை.

இதற்கு மாற்று, கூட்டாக வாங்குவதே. 1844-ல் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் நெசவாளர் முதலான 28 பேர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் கடையொன்றைத் தாங்களே திறந்தனர். 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அவ்வழியே கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிற்று. இங்கே அவ்வளவு பெரிய ஏற்பாடும் வேண்டுவதில்லை. தெருவுக்குப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பருப்பை மூட்டையாகவும் எண்ணெயை டின்னாகவும் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். முதல் மூட்டைக்கு வேண்டிய பணத்தைத் தொண்டர்கள் முன்பணமாகப் போடட்டும். ஒரு பொதுக்கூட்டத்தின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவே அதற்குத் தாராளமாகக் காணும்.

நமது ஜில்லாவின் நிலைமையோ விசித்திரமானது. பாலக்கோட்டுத் தக்காளி ஊரெல்லாம் போகிறது. வரத்து மிகுந்த மாதங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் குடியானவன் அதைச் செடியிலேயே விட்டுவிடுகிறான். 2023 ஜூலையிலோ விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சர்க்காரே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. மலிந்த மாதத்தில் உழவர் சந்தையில் கூடையாக வாங்கித் தொக்கும் வற்றலும் போட்டு வைக்கும் குடும்பம், குடியானவனுக்கும் உதவுகிறது, தனக்கும் உதவிக்கொள்கிறது. கேழ்வரகு விஷயமும் இத்தகையதே. களி உண்பது கௌரவக் குறைவென்று எண்ணியவர்களின் பிள்ளைகள் இன்று அதே மாவை அழகிய பொட்டலத்தில் அதிக விலைக்கு வாங்குவதைக் காண நமக்குச் சிரிப்பு வருகிறது. 2023 முதல் நமது ஜில்லாவிலும் நீலகிரியிலும் நியாய விலைக் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் ஏற்பாடு வந்தது. அக்கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் 25 ரூபாய். வெளிச்சந்தை விலையை நோக்க இது எத்துணை பெரிய உதவி!

ஆனால் இவை மாதந்தோறும் உரிய அளவில் வருகின்றனவா, வந்தவை கார்டுதாரர் கைக்குச் சேருகின்றனவா என்று நேரில் போய்ப் பார்க்கும் தொண்டர் எத்தனை பேர்? வரிசையில் நிற்கும் வேலையைப் பெண்களிடம் விட்டுவிட்டு, ஆண்கள் வாசகசாலையில் அமர்ந்து விலைவாசியைப் பற்றி விவாதிக்கிறார்கள். அடுத்த மாதம் சரக்கு வரும் நாளில் அவ்விவாதத்தைச் சற்றே நிறுத்தி, தத்தம் கடை வாசலுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போய் வருமாறு அவர்களை வேண்டுகிறோம்.